பெரிய கோப்பில் மட்டும் தடுக்கி விழும் டிஸ்க்: லினக்ஸில் டிரான்ஸ்ஃபர் வரம்பைப் பிடிப்பது எப்படி

நாலைந்து போட்டோவை நகலெடுத்தால் ஒன்றும் ஆகாது. 4 ஜிபி வீடியோவைப் போட்டதும் பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து டிஸ்க் மறைந்து, எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிசி என்று திரும்பி வரும். சில நேரம் இதைவிட மோசம்: நகல் நல்லபடியாக முடிந்ததாகக் காட்டும், செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) எடுத்துப் பார்த்தால் பொருந்தாது.

டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, டேட்டாவை மூட்டை மூட்டையாகத்தான் அனுப்புகிறது. ஒரு நடைக்கு எவ்வளவு ஏற்றலாம் (இதுதான் டிரான்ஸ்ஃபர் வரம்பு) என்று சொல்ல வேண்டியது, அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வேலை. வன்பொருள் தாங்குவதைவிட அதிகமாக டிரைவர் சொல்லிவிட்டால் மேலே சொன்னதெல்லாம் நடக்கும். சிறிய கோப்பு பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. எந்த அளவில் உடைகிறது என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், அந்த எண்ணே பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 128 கேபி என்றால் ஒரு ஆள், 256 கேபி என்றால் இன்னொரு ஆள். அதனால் எடுத்ததும் வரம்பைக் குறைத்துவிட்டு 'அப்பாடா' என்று போகாமல், முதலில் எண்ணைப் பிடிப்போம்.

(ஃபைல், கமாண்ட் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

முதலில் இரண்டு எண்கள்

/சிஸ்/பிளாக்/எஸ்டிபி/கியூ என்ற அடைவுக்குள் போங்கள். மேக்ஸ்_எச்டபிள்யூ_செக்டார்ஸ்_கேபி என்ற ஃபைலில் இருப்பது, வன்பொருள் இவ்வளவு தாங்கும் என்று டிரைவர் சொன்னது. அதை மாற்ற முடியாது, படிக்க மட்டும்தான். மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபி என்ற ஃபைலில் இருப்பது கெர்னல் இப்போது உண்மையில் பயன்படுத்தும் அளவு. இதை ரூட்டாக இருந்து மாற்றலாம். முதல் எண்ணைத் தாண்டி எழுதினால் 'இன்வாலிட் ஆர்கியூமென்ட்' என்று திருப்பி அடித்துவிடும். ஒரு பேஜ் (நினைவகத்தைப் பிரிக்கும் அடிப்படைத் துண்டு) அளவுக்கு, அதாவது பெரும்பாலான கணினிகளில் 4 கேபிக்கு, கீழேயும் போக முடியாது.

இங்கே பலர் சறுக்குவது அலகில். செக்டார் என்பது டிஸ்க் டேட்டாவை எண்ணும் சிறு துண்டு. ஃபைல் பெயரில் செக்டார்ஸ் என்று இருந்தாலும் எண் கிலோபைட்டில் இருக்கிறது. கெர்னலுக்குள்ளே மட்டும் 512 பைட் செக்டார் கணக்கு. டிஸ்க் 4 கேபி செக்டார் வகையாக இருந்தாலும் அதே 512தான். யாரோ '240 போடு' என்று சொன்னதைக் கேட்டு இந்த ஃபைலில் 240 என்று எழுதினால் நீங்கள் போட்டது 480 செக்டார். 240 செக்டார் வேண்டுமென்றால் 120 எழுத வேண்டும்.

எண்ணைப் பிடிப்பது

டேட்டாவை அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டே போதும். டிஸ்க்கிலிருந்து படித்து /டெவ்/நல்-க்கு அனுப்புங்கள். ஐஃபிளாக் இடத்தில் டைரக்ட் என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் நடுவில் இருக்கும் பேஜ் கேஷ் (கெர்னல் ரேமில் வைக்கும் தற்காலிக நகல்) தன் இஷ்டத்துக்கு அளவை மாற்றிவிடும், சோதனைக்கு அர்த்தமில்லை. பிளாக் அளவை 32 கேபியில் தொடங்கி 64, 128, 256, 512 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் சில ஜிபியாவது ஓடட்டும். எங்கே விழுகிறதோ அதற்கும் அதற்கு முந்தைய அளவுக்கும் நடுவில் 4 கேபி 4 கேபியாக ஏற்றிப் பாருங்கள். 124 ஓடுகிறது, 128 விழுகிறது என்பது மாதிரி ஒரு கோடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

படிப்பதால் டேட்டாவுக்கு ஆபத்தில்லை. எழுதும் சோதனையைக் காலி டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள். டிடியில் எந்தப் பக்கம் எந்த டிஸ்க் என்று மாற்றிப் போட்டுவிட்டு அழுத கதைகள் ஊருக்கு நாலு இருக்கும்.

32 கேபியிலேயே விழுகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. கேபிள், மின்சாரம், டிஸ்க் இந்த மூன்றில் ஒன்று. மனசாட்சிப்படி சொன்னால், யூஎஸ்பி டிஸ்க் சிக்கல்களில் நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் கேபிளைத்தான்.

யூஎஸ்பி டிஸ்க் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது

கெர்னல் லாக்கில் 'ரீசெட் ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' அல்லது 'ரீசெட் சூப்பர்ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்ற வரி முப்பது முப்பது விநாடிக்கு ஒரு தடவை வரும். கெர்னல் கேட்டதைத் தராமல் பெட்டிக்குள்ளே யூஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் ஊமையாகிவிட்டது. 30 விநாடி காத்திருந்துவிட்டு கெர்னல் அதை உலுக்கி எழுப்புகிறது என்று அர்த்தம்.

லினக்ஸின் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர், யூஎஸ்பி 2 சாதனங்களுக்கு ஒரு நடைக்கு 240 செக்டார், அதாவது 120 கேபி என்று நிறுத்திவிடுகிறது. அது என்ன 240, ஒரு முழு எண்ணாகக்கூட இல்லையே என்று தோன்றும். காரணம் ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பு முறை. அந்தக் கன்ட்ரோலர்களில் எத்தனை செக்டார் என்று எழுதும் ரிஜிஸ்டர் 8 பிட்தான். அதில் 255 வரைதான் எழுத முடியும் என்பதால், பூஜ்யம் என்று எழுதினால் 256 என்று எடுத்துக்கொள் என விதி வைத்தார்கள். சில வன்பொருள் அந்தப் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் யூஎஸ்பி பெட்டிகள் வந்தபோது உள்ளே இருந்த பிரிட்ஜ் சிப்களோடு இந்த வியாதியும் கூடவே வந்தது. 256க்கு நெருக்கமாகப் போகவே வேண்டாம் என்று கொஞ்சம் தள்ளி நின்றுகொண்ட எண்தான் 240.

இதே பேய் வேறு இடங்களிலும் உலவியிருக்கிறது. 1992இல் வந்த அமிகா கணினிகளில் ஐடிஇ டிஸ்க் வைத்திருந்தவர்கள், பார்ட்டிஷன் அமைப்பில் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் என்ற இடத்தில் 130560 பைட் என்று கையால் போட்டுக்கொள்வார்கள். 512ஆல் வகுத்துப் பாருங்கள், 255 வரும். விண்டோஸ் 7 யூஎஸ்பிக்கு 128 செக்டாரோடு நின்றுகொண்டது. அதனால்தான் 'விண்டோஸில் ஓடுகிறதே, லினக்ஸில் மட்டும் ஏன்?' என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பெட்டி செய்தவர் விண்டோஸில் மட்டும் சோதித்திருந்தால், 64 கேபிக்கு மேல் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

யூஎஸ்பி 3 சாதனம் என்றால் அதே டிரைவர் தாராளமாகி 2048 செக்டார், அதாவது 1 எம்பி வரை அனுமதிக்கிறது. ஆக, கறுப்பு போர்ட்டில் (யூஎஸ்பி 2) ஓடி நீல போர்ட்டில் (யூஎஸ்பி 3) விழும் டிஸ்க்குக்கு வேகம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். மூட்டையும் எட்டு மடங்குக்கு மேல் பெரிதாகியிருக்கிறது. நீல போர்ட்டிலேயே வைத்து மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபியில் 120 எழுதிப் பாருங்கள். ரீசெட் நின்றுவிட்டால் குற்றம் அளவில். நிற்காவிட்டால் கேபிளுக்குத் திரும்புங்கள்.

என்னிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது. 60 கேபி வரை ஒழுங்காக ஓடும், 64 போட்டால் செத்துப்போகும். இந்த வகைக்கும் கெர்னலில் மருந்து உண்டு. யூஎஸ்பி-ஸ்டோரேஜின் குவர்க்ஸ் என்ற பூட் அளவுருவில் (கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு) சாதனத்தின் வெண்டார் எண், புராடக்ட் எண், அதன் பின் ஒரு சிறிய எழுத்து 'எம்' கொடுத்தால் ஒரு நடைக்கு 64 செக்டார், அதாவது 32 கேபி என்று குறைந்துவிடும். ஏன் 32? பல சாதனங்கள் 32 கேபியைத் தாண்டினால் தடுமாறின, வேறு சில 64ஐத் தாண்டினால் தடுமாறின. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்தாகச் சின்ன எண்ணை வைத்துவிட்டார்கள். யூஏஎஸ் என்ற புதிய யூஎஸ்பி டிஸ்க் டிரைவர் பிடித்திருக்கும் சாதனம் என்றால் 'ஜி' எழுத்து 240 செக்டாரில் நிறுத்தும். யூஏஎஸ்ஸே வேண்டாம், பழைய டிரைவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றால் 'யூ'. இணையத்தில் எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே 'யூ' போடச் சொல்வார்கள். அது வேலை செய்யும், ஆனால் கமாண்டுகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் வசதி போய்விடும். முதலில் 'ஜி' முயன்று பாருங்கள்.

சாட்டா டிஸ்க்: பிழையே வரவில்லை, டேட்டா மட்டும் தப்பு

இதுதான் பயப்பட வேண்டிய வகை. சத்தம் போட்டு விழும் டிஸ்க் நல்ல டிஸ்க். சத்தமில்லாமல் தப்பு எழுதுவதுதான் ஆபத்து.

சாட்டா என்பது கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் இணைப்பு. 48 பிட் முகவரி உள்ள சாட்டா டிஸ்க்குக்கு வன்பொருள் வரம்பு 65535 செக்டார். சிஸ் ஃபைலில் 32767 என்று பார்ப்பீர்கள். அதாவது ஒரே கமாண்டில் கிட்டத்தட்ட 32 எம்பி. காகிதத்தில் சரி. ஆனால் கெர்னல் அவ்வளவு அனுப்புவதில்லை. நீண்ட காலம் 512 கேபியில் வைத்திருந்தது. 2014 கடைசியில் இந்தச் செயற்கைக் கட்டுப்பாடு எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். 2015 தொடக்கத்திலேயே பலன் தெரிந்தது: 80 ஜிபி சாட்டா டிஸ்க் மாடல் ஒன்று, பெரிய மூட்டை வந்ததும் ஒரு பிழையும் காட்டாமல் டேட்டாவைக் கெடுத்தது. வேறு சில எஸ்எஸ்டிகள் டைம்அவுட் ஆயின. அவற்றின் பெயர்களை லிப்ஏடிஏ (கெர்னலில் சாட்டாவைக் கவனிக்கும் பகுதி) தன் பட்டியலில் சேர்த்து, 1024 செக்டாருக்கு மேல் அனுப்பாதே என்று குறித்துவைத்தது. அதே ஆண்டு பொதுவான கட்டுப்பாடும் திரும்பி வந்தது, இந்த முறை 1280 கேபியாக. 128 கேபி துண்டு, 10 டேட்டா டிஸ்க் உள்ள ரெய்டுக்கு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு) ஒரு முழு வரிசை ஒரே நடையில் போக வேண்டும் என்று போட்ட கணக்கு அது. புதிய கெர்னலுக்கு மாறிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால், பழைய கெர்னலில் மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபி எவ்வளவு இருந்தது என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்டுபிடிக்க டிடி போதாது, ஏனென்றால் அது சரிபார்ப்பதில்லை. ஃபியோ கருவியில் வெரிஃபை வசதியைப் போட்டு, சிஆர்சி32சி முறையில் எழுதித் திரும்பப் படிக்க வையுங்கள். 512 கேபியில் சுத்தமாகவும் 1024இல் அழுக்காகவும் வந்தால், கெர்னல் பூட் வரியில் லிப்ஏடிஏ ஃபோர்ஸ் அளவுருவில் போர்ட் எண்ணோடு மேக்ஸ்_செக்_1024 கொடுக்கலாம். ஓரளவு புதிய கெர்னல்களில்தான் இது உண்டு. பழையதில் சிஸ் ஃபைலில் 512 எழுதுவதுதான் வழி. ஒன்றை மறக்காதீர்கள்: வரம்பைக் குறைத்தால் இனிமேல் எழுதுவது சரியாகும். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பு திரும்பி வராது. பழைய பேக்கப்பைத் தேடுங்கள்.

அளவு எதுவானாலும் கெட்டுப்போகிறது, ஆனால் ரேம் 4 ஜிபிக்கு மேல் போட்ட பிறகுதான் என்றால், அது வேறு வியாதி. டிவைஸ் 32 பிட் முகவரி மட்டுமே பேசும், டிரைவர் 64 பிட் என்று டிஎம்ஏ மாஸ்க் (டிவைஸ் தானே நேரடியாக எட்டக்கூடிய நினைவக முகவரியின் எல்லை) சொல்லியிருக்கும். பூட் வரியில் மெம் அளவை 3ஜி என்று கட்டுப்படுத்திப் பாருங்கள். கெடுவது நின்றுவிட்டால் மூட்டையின் எடையில் தப்பில்லை, போய்ச் சேரும் விலாசத்தில்தான் தப்பு.

'எஸ்டபிள்யூஐஓடிஎல்பி பஃபர் இஸ் ஃபுல்'

மெமரி என்கிரிப்ஷன் போட்ட மெய்நிகர் கணினிகளிலும், 4 ஜிபிக்கு மேல் எட்டாத டிவைஸ்களிலும் இந்த வரி வரும். டிவைஸ் நேரடியாகத் தொட முடியாத நினைவகத்துக்குப் பதிலாக, நடுவில் ஒரு தட்டு வைத்து அதில் நகலெடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு இது. வழக்கமாக அந்தத் தட்டின் மொத்த அளவு 64 எம்பி: 2 கேபி அறைகள் 32768.

வரியை முழுசாகப் படியுங்கள். எத்தனை பைட் கேட்டது, மொத்தம் எத்தனை அறை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று மூன்றும் அதிலேயே இருக்கும். நிரம்பிய எண்ணிக்கை மொத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உண்மையிலேயே இடமில்லை. பூட் வரியில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி அளவைக் கூட்டலாம். ஆனால் நிரம்பியது வெறும் 12 அறை, கேட்டது 524288 பைட் என்று இருந்தால்? தட்டு காலி, ஆனாலும் ஃபுல் என்கிறது. காரணம், ஒரே தொடர்ச்சியாக 128 அறைக்கு மேல் தர மாட்டார்கள். 128ஐ 2 கேபியால் பெருக்கினால் 256 கேபி. தட்டை 1 ஜிபி ஆக்கினாலும் இந்த 256 மாறாது. இதைத் தெரியாமல் பூட் வரியில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனவர்களில் நானும் ஒருவன்.

உடனடி நிவாரணம் மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபியை 256 ஆக்குவது. சரியான தீர்வு டிரைவரில்: டிஎம்ஏ_மேக்ஸ்_மேப்பிங்_சைஸ் என்ற ஃபங்ஷனைக் கேட்டு, அது சொல்லும் அளவைத் தாண்டாமல் வரம்பு வைப்பது. மெய்நிகர் கணினிகளின் டிஸ்க்குக்கான விர்ட்ஐஓ பிளாக் டிரைவரே 2019இல்தான் இதைக் கற்றுக்கொண்டது.

என்விஎம்இ: 'இன்வாலிட் ஃபீல்ட்'

என்விஎம்இ என்பது வேகமான எஸ்எஸ்டிகளின் இணைப்பு முறை. கெர்னல் வழியாகச் சாதாரணமாகப் படிக்கும்போதும் எழுதும்போதும் இது வராது. கன்ட்ரோலர் தன் எம்டிடிஎஸ் எண்ணை (ஒரு நடைக்கான உச்ச அளவு) சொல்லிவிடும், டிரைவர் அதற்கேற்ப வெட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்கு நேரடியாகப் போகும் பாஸ்த்ரூ கமாண்டை நீங்களே அனுப்பும் புரோகிராம் எழுதினால்தான் மாட்டுவீர்கள். எம்டிடிஎஸ் என்பது இரண்டின் அடுக்கு, கிலோபைட் இல்லை. 5 என்று இருந்தால் 2இன் 5ஆம் அடுக்கு 32. 4 கேபி பேஜோடு பெருக்க 128 கேபி. பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று பொருள். மறுபடியும் அந்தப் பூஜ்யம்.

வரம்பைக் குறைத்ததும் மல்டிபாத் பாதைகள் விழுகின்றன

ஒரே டிஸ்க்குக்குப் பல பாதைகள் வைக்கும் சர்வர் ஏற்பாடுதான் மல்டிபாத். லாக்கில் 'ஓவர் மேக்ஸ் சைஸ் லிமிட்' என்று வந்தால் இது நீங்களே வரவழைத்துக்கொண்டது. மேலே இருக்கும் மல்டிபாத் டிவைஸ் உருவானபோது கீழே இருந்த டிஸ்க்குகளின் வரம்புகளில் சிறியதை எடுத்து வைத்துக்கொண்டது. அப்புறம் நீங்கள் கீழே ஒரு பாதையில் மட்டும் எண்ணைக் குறைத்தால் மேலே இருப்பதற்குத் தெரியாது. அது பழைய அளவில் மூட்டை கட்டி அனுப்பும், கீழே இருப்பது ஏற்காது, பாதை கெட்டுவிட்டது என்று முத்திரை விழும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். மல்டிபாத் கான்ஃபிக் ஃபைலிலேயே மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபி என்று ஒரு வரி போடலாம். டிவைஸ் முதலில் உருவாகும்போதே எல்லாப் பாதைக்கும் சேர்த்து அது பொருந்தும்.

எதுவும் விழவில்லை, ஆனால் மெதுவாக இருக்கிறது

வரம்பு 1280, டிடியில் 4 எம்பி பிளாக், ஆனால் ஐஓஸ்டாட்டில் (டிஸ்க் வேலையைக் காட்டும் கருவி) சராசரி ரிக்வெஸ்ட் 672 கேபியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கியூ அடைவில் மேக்ஸ்_செக்மென்ட்ஸ் பாருங்கள். ஒரு மூட்டையில் எத்தனை நினைவகத் துண்டுகள் (செக்மென்ட்) இருக்கலாம் என்பது அது. ஏஎச்சிஐ என்ற சாட்டா கன்ட்ரோலரில் 168 என்று இருக்கும். ரேம் துண்டு துண்டாகக் கிடந்தால் ஒவ்வொரு செக்மென்ட்டும் ஒரே பேஜ், 4 கேபி. 168ஐ 4ஆல் பெருக்கினால் விடை. 128 செக்மென்ட் உள்ள டிரைவர் என்றால் 512இல் நிற்கும். இது பிழை இல்லை, விட்டுவிடலாம். பழைய ஐஓஸ்டாட்டில் இந்த எண் கிலோபைட்டில் இல்லாமல் செக்டாரில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பை ஏற்றினால் வேகம் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற வேண்டாம். பெரிதாக ஒன்றை எழுதி முடிக்கும்வரை, பின்னால் சின்னதாக ஒன்றைப் படிக்க வேண்டியது காத்திருக்கும். ரெய்டில் முழு வரிசைக்கு ஏற்றுவது நியாயம். வீட்டு லேப்டாப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

டிரைவரே உங்களுடையது என்றால்

டிரைவர் தன் வரம்புகளைச் சொல்லும் இடமான கியூ_லிமிட்ஸில் ஒன்றும் நிரப்பாமல் விட்டால் கெர்னல் பத்திரமான எண்களை எடுத்துக்கொள்ளும்: 255 செக்டார், 128 செக்மென்ட், செக்மென்ட்டுக்கு 64 கேபி. மேக்ஸ்_எச்டபிள்யூ_செக்டார்ஸை மட்டும் ஏற்றிவிட்டு துண்டுகளின் முகவரியையும் நீளத்தையும் வைக்கும் உங்கள் டிஸ்கிரிப்டர் டேபிளில் எத்தனை இடம் என்பதைச் சொல்ல மறந்தால், டேபிள் நிரம்பி வழிந்து பக்கத்து நினைவகத்தில் எழுதும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

இன்னொரு இடம், டிவைஸ்களுக்கான நினைவக முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் ஐஓஎம்எம்யூ. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை அது ஒன்றாக்கிவிடும். மேப்பிங் ஃபங்ஷன் திருப்பித் தரும் எண்ணிக்கையையும் எஸ்ஜி_டிஎம்ஏ_லென் தரும் நீளத்தையும்தான் பயன்படுத்த வேண்டும். பழைய நீளத்தை வைத்து நிரப்பிய டிரைவர், ஐஓஎம்எம்யூ இல்லாத கணினியில் வருடக்கணக்கில் ஓடிவிட்டு ஒரு நாள் புதிய போர்டில் கெட்டுப்போகும். டிஎம்ஏ_செட்_மேக்ஸ்_செக்_சைஸ் மூலம் உங்கள் வன்பொருளின் உண்மையான அளவைச் சொல்லுங்கள். டிஎம்ஏ ஏபிஐ டீபக் போட்ட கெர்னலில் ஒரு தடவையாவது ஓட்டினால், டிவைஸ் சொன்னதைவிட நீளமான செக்மென்ட் என்று அதுவே எச்சரிக்கும்.

16 பிட் நீள ரிஜிஸ்டர் இருந்தால் 65536 பைட்டை எப்படி எழுதுவது? ஐடிஇ பஸ்மாஸ்டரில் பூஜ்யம் என்றால் 64 கேபி. சிஎஸ்5530 மாதிரியான சில சிப்களுக்கு இதுவும் புரியாது; லிப்ஏடிஏ அவற்றுக்காக அந்த ஒரு துண்டை இரண்டு 32 கேபியாக வெட்டிக் கொடுக்கிறது. உங்கள் டேட்டாஷீட்டில் நீளம் 16 பிட் என்று மட்டும் இருந்து பூஜ்யத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால், செக்மென்ட்டை 32 கேபியில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

நிரந்தரமாக்குவது

சிஸ் ஃபைலில் எழுதியது ரீபூட்டோடு போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலும் போய்விடும். டிஸ்க் மாட்டியதும் ஓடும் யூடெவ் விதி ஒன்று எழுதி, அந்த டிஸ்க்கின் சீரியல் எண் பொருந்தினால் கியூவின் மேக்ஸ்_செக்டார்ஸ்_கேபியில் உங்கள் எண்ணை எழுது என்று சொல்லிவிடுங்கள். எஸ்டிபி என்ற பெயரை நம்பி விதி எழுதாதீர்கள். நாளைக்கு வேறு டிஸ்க் அந்தப் பெயரில் வந்து உட்காரும். விதிக்கு மேலே ஒரு கமென்ட் வரியில் தேதியையும், எந்த அளவில் உடைந்தது என்ற எண்ணையும் எழுதிவையுங்கள். என் பழைய பெட்டியின் விதியில் '60 ஓடும், 64 ஓடாது' என்று ஒரு வரி இருக்கிறது. பெட்டி போன வருடம் குப்பைக்குப் போய்விட்டது, விதியை இன்னும் அழிக்கவில்லை.